எந்தப் படிப்பில் சேர்வது, சேர்ந்த பின் தடுமாறினால் என்ன செய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்மாவட்டம் ஒன்றில் அரசு உதவி பெறும் கலை அறிவியல் கல்லூரியில் கணிதம் கற்பிக்கிறேன். இது பத்தொன்பதாம் ஆண்டு. ப்ளஸ் டூ முடிவு வெளியான நாளிலிருந்து கல்லூரி திறக்கும்வரை சேர்க்கை உதவி மேசையில் உட்காருவதும் என் வேலை. அந்த மேசைக்கு எதிரே அமர்ந்து பெற்றோர் கேட்டவை, சேர்ந்த பிறகு ஆசிரியர் அறை வாசலில் தயங்கி நின்று பிள்ளைகள் கேட்டவை, இரண்டையும் சேர்த்து இங்கே எழுதியிருக்கிறேன். விதிமுறைகள் ஆண்டுக்கு ஆண்டு மாறுகின்றன. தேதி, கட்டணம் போன்றவற்றை அந்தந்த ஆண்டின் அறிவிப்பில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது எந்தப் படிப்புக்கு மவுசு அதிகம்?

மேசையில் முதலில் வந்து விழும் கேள்வி இதுதான். தொண்ணூறுகளின் கடைசியில் கம்ப்யூட்டர் படித்தால் அமெரிக்கா என்றார்கள். 2001-ல் அங்கே தகவல் தொழில்நுட்பத் துறை சரிந்ததும், அதை நம்பிச் சேர்ந்தவர்கள் பட்டத்தோடு வேலைக்கு அலைந்தார்கள். பிறகு மெக்கானிக்கலுக்கு ஒரு காலம் வந்தது. இன்றைக்குப் பல தனியார் பொறியியல் கல்லூரிகள் மெக்கானிக்கல், சிவில் இடங்களைக் குறைத்துக்கொண்டு, செயற்கை நுண்ணறிவு, தரவு அறிவியல் என்று புதுப் பலகை மாட்டியிருக்கின்றன. இன்று சேரும் பிள்ளை வெளியே வர மூன்று, நான்கு ஆண்டுகள் ஆகும். கூட்டம் ஓடும் திசையைப் பார்த்துச் சேர்ந்தால், முடிக்கும்போதும் அதே கூட்டத்தோடுதான் வரிசையில் நிற்க வேண்டியிருக்கும்.

ஒரே வகுப்பில் கருத்தூன்றிப் படித்தவருக்கும் ஒப்பேற்றியவருக்கும் இடையிலான தூரம், இரண்டு துறைகளுக்கு இடையிலான தூரத்தைவிட அதிகம். என் மாணவர்களிடமே இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதனால் மவுசைக் கேட்கும் பெற்றோரிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: உங்கள் பிள்ளை எந்தப் பாடத்தை யாரும் சொல்லாமலே எடுத்து வைத்துக்கொண்டு உட்காருவான்?

எதில் விருப்பம் என்று எனக்கே தெரியவில்லை. என்ன செய்வது?

பதினேழு வயதில் தெரியாமல் இருப்பது இயல்பு. ப்ளஸ் டூவில் நீங்கள் பார்த்ததே ஆறு பாடங்கள். உளவியலையோ புள்ளியியலையோ பார்க்காமலே பிடிக்கும், பிடிக்காது என்று எப்படிச் சொல்வது?

நான் சொல்லும் வழி கொஞ்சம் உழைப்பு கேட்கும். மனதில் இருக்கும் மூன்று படிப்புகளின் பாடத்திட்டத்தைப் பல்கலைக்கழக இணையதளத்திலிருந்து இறக்கிக்கொள்ளுங்கள். முதல் பருவத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். ஐந்தாம் பருவத்துக்குப் போங்கள். அந்தப் படிப்பின் உண்மையான முகம் அங்கேதான் இருக்கிறது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவி உளவியல்தான் படிப்பேன் என்று வந்தாள். மனிதர்களின் மனதைப் படிக்கும் ஆர்வம் என்றாள். பாடத்திட்டத்தை நீட்டினேன். புள்ளியியல் தாளைப் பார்த்ததும் முகம் மாறியது. "மேடம், இதிலும் கணக்கு இருக்கிறதா?" என்றாள். நூலகத்திலிருந்து ஒரு பாடநூலை வரவழைத்து, அந்த அத்தியாயத்தைத் திறந்து கொடுத்தேன். அப்பா வெளியே வேப்பமரத்தடியில் காத்திருந்தார். இருபது நிமிடம் கழித்து நிமிர்ந்து, "கஷ்டமாகத்தான் இருக்கிறது, ஆனால் எதற்காக இந்தக் கணக்கு என்று புரிகிறது" என்றாள். அந்த ஒரு வாக்கியம் போதும். வேறொரு கல்லூரியில் உளவியலே சேர்ந்தாள். புத்தகத்தை மூடி வைத்திருந்தாலும் நல்லதுதான். ஓர் ஆண்டுக் கட்டணம் மிச்சமாகியிருக்கும்.

பாடத்திட்டத்தைப் பார்த்த பிறகு அந்தத் துறையில் இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒருவரிடம் பேசுங்கள். வேலை கிடைத்த இறுதியாண்டு மாணவர் எல்லாவற்றையும் இனிப்பாகச் சொல்வார். இரண்டாம் ஆண்டுப் பிள்ளைதான் உள்ளதைச் சொல்லும்.

கணக்கில் 95 மதிப்பெண். பி.எஸ்சி. கணிதம் சேரலாமா?

என் பாடம் என்பதால் இதற்கு நீளமாகப் பதில் சொல்கிறேன்.

ப்ளஸ் டூவில் கணக்கு என்பது பெரும்பாலும் வழிமுறை. வகை தெரிந்தால் விடை வந்துவிடும். புத்தகத்தின் பின்பக்க ஒரு மதிப்பெண் வினாக்களை விடையோடு மனப்பாடம் செய்து, மாதிரித் தாள்களைப் போட்டுப் பார்த்து 95 வாங்குகிறவர்கள் உண்டு. பட்டப்படிப்பில் மெய்யெண் பகுப்பாய்வும் நுண்ணியற்கணிதமும் வரும்போது கேள்வியே மாறிவிடுகிறது. "கண்டுபிடி" என்று கேட்ட தாள் "நிறுவுக" என்று கேட்கத் தொடங்குகிறது.

ஒவ்வோர் ஆண்டும் வகுப்பில் கரும்பலகையில் 0.999… என்று முடிவில்லாமல் நீளும் எண்ணை எழுதி, இது ஒன்றைவிடச் சிறியதா, ஒன்றுக்குச் சமமா என்று கேட்பேன். பாதி வகுப்பு சிறியது என்று கை தூக்கும். சமம் என்று காட்டியதும் சலசலப்பு எழும். அப்போது நான் முகங்களைத்தான் கவனிப்பேன். சிலர் எரிச்சலோடு நோட்டில் எழுதிக்கொண்டு அடுத்ததுக்குக் காத்திருப்பார்கள். சிலர், "அப்படியென்றால் நடுவில் ஒரு எண்கூட இல்லையா மேடம்?" என்று விடாமல் கேட்பார்கள். இந்த இரண்டாவது கூட்டம் ப்ளஸ் டூவில் 70 வாங்கியிருந்தாலும் கணிதத்தில் நிலைக்கும். எவ்வளவு சிறிய எப்சிலான் கொடுத்தாலும் அதற்கேற்ற ஒரு டெல்டா உண்டு என்று எல்லையை (லிமிட்) வரையறுக்கும் அந்த ஒரு வரியோடு மல்லுக்கட்ட மனம் இருக்கிறதா என்று பாருங்கள். மதிப்பெண்ணைவிட அதுதான் சரியான அளவுகோல்.

வேதியியலில் ஆய்வகத்தில் நீண்ட நேரம் நிற்கும் பொறுமை, வணிகவியலில் பேரேட்டில் ஒரு ரூபாய் உதைத்தாலும் விடாமல் தேடும் பிடிவாதம், இலக்கியத்தில் ஒரே பாட்டைப் பத்து முறை படிக்கும் ஆசை என்று ஒவ்வொரு துறைக்கும் இப்படி ஒரு சோதனை உண்டு.

பொறியியலா, கலை அறிவியலா?

நான்கு ஆண்டு, மூன்று ஆண்டு என்ற கணக்கையும் கட்டண வித்தியாசத்தையும் வீட்டில் காகிதத்தில் போட்டுப் பாருங்கள். பொருள்களைச் செய்து பார்க்கவும் பழுது நீக்கவும் விரும்பும் பிள்ளைக்குப் பொறியியல் பொருந்தும். ப்ளஸ் டூ மதிப்பெண் குறைவு, ஆனால் கைவேலையில் கெட்டி என்றால் பாலிடெக்னிக்கைத் தள்ளிவிடாதீர்கள். டிப்ளமோ முடித்தால் நேரடியாகப் பொறியியல் இரண்டாம் ஆண்டில் சேரலாம். அப்படிப் போனவர்கள் பலர் ஆய்வகத்தில் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் நிலையில் இருக்கிறார்கள்.

கலந்தாய்வில் விருப்பப் பட்டியலை எப்படி நிரப்புவது? கல்லூரியை முதலில் பார்ப்பதா, பிரிவையா?

தமிழ்நாட்டில் பொறியியலுக்கான நுழைவுத் தேர்வு 2007 சேர்க்கையிலிருந்து இல்லை. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என 200-க்குக் கணக்கிடும் கட்ஆஃப் வைத்துத் தரவரிசை வருகிறது. 2018-லிருந்து கலந்தாய்வு இணையவழியில் நடக்கிறது. முன்பு சென்னைக்குப் பஸ் ஏறி, திரையைப் பார்த்து நெஞ்சு படபடக்க அந்த நிமிடத்தில் முடிவெடுத்தார்கள். இப்போது வீட்டிலிருந்தே யோசித்து நிரப்பலாம். அந்த வசதியைப் பலர் வீணாக்குகிறார்கள் என்பதுதான் என் வருத்தம்.

சென்ற ஆண்டு ஒரு தந்தை நாற்பது பக்க நோட்டு ஒன்றோடு வந்தார். கல்லூரிக் குறியீட்டு எண், சென்ற ஆண்டின் கடைசி கட்ஆஃப், வீட்டிலிருந்து எத்தனை கிலோமீட்டர் என்று சிவப்பு, நீல மையில் கோடு போட்டு எழுதியிருந்தார். லாரி ஓட்டுபவர், இரவில் வண்டியை நிறுத்திய இடங்களில் எழுதியதாம். அவ்வளவு உழைப்புக்குப் பிறகும், கிடைக்காது என்று பயந்து மகளுக்குப் பிடித்த கல்லூரியைப் பட்டியலில் பதினான்காவதாகத் தள்ளியிருந்தார். இது பெரும்பாலோர் செய்யும் தவறு. உங்கள் முறை வரும்போது பட்டியலில் மேலிருந்து கீழே பார்த்து, காலியாக இருக்கும் முதல் இடத்தைக் கணினி ஒதுக்கும். மேலே எழுதியது கிடைக்காவிட்டால் கீழே உள்ள வாய்ப்பு ஒன்றும் கெட்டுப்போகாது. எனவே உண்மையான ஆசை வரிசையிலேயே எழுதுங்கள். பட்டியல் நீளமாக இருக்கட்டும்.

கல்லூரியா, பிரிவா என்றால் என் கருத்து இது: பிள்ளைக்கு ஒரு பிரிவில் தெளிவான நாட்டம் இருந்தால் பிரிவு முதலில். அப்படி எதுவும் இல்லை என்றால் ஆசிரியர்கள் நிலையாக இருக்கும், ஆய்வகம் திறந்திருக்கும் கல்லூரி முதலில். நேரில் போய் நூலகத்தில் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வாருங்கள்.

புதிய பெயர் கொண்ட பட்டங்களில் சேரலாமா?

சேரலாம், ஒன்றை விசாரித்துவிட்டு. அரசுப் பணிக்கும் ஆசிரியர் பணிக்கும் விண்ணப்பிக்கும்போது, உங்கள் பட்டம் கேட்கப்பட்ட பட்டத்துக்கு இணையானதா என்ற கேள்வி வரும். பெயரில் ஒரு சொல் கூடுதலாக இருந்தாலும் இணைத்தன்மைக்கு அரசாணை காட்ட வேண்டியிருக்கும். அப்படியோர் ஆணை இருக்கிறதா என்று சேரும் முன்பே கல்லூரி அலுவலகத்தில் கேளுங்கள். "வந்துவிடும்" என்ற பதிலை நம்பாதீர்கள்.

பணத்துக்கு என்ன வழி?

ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 2020-லிருந்தும், பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் போன்ற தொழிற்படிப்புகளில் 2021-லிருந்தும் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. அதில் சேர்பவர்களின் கட்டணத்தை அரசே ஏற்கிறது. மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்ட்டில். குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் தொழிற்படிப்புக் கட்டணத்தில் சலுகை உண்டு. அந்தச் சான்றிதழைத் தேர்வு முடிவுக்குக் காத்திராமல் ஏப்ரலிலேயே விண்ணப்பித்து வாங்கி வையுங்கள்.

கல்விக் கடனில் 4 லட்சம் ரூபாய் வரை வங்கிகள் சொத்துப் பிணை கேட்பதில்லை. படிக்கும் காலத்தில் தவணை கட்ட வேண்டாம் என்பதால் வட்டியும் இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். வட்டி முதல் நாளிலிருந்தே ஓடுகிறது. முடிந்தால் அதை மட்டுமாவது மாதாமாதம் கட்டிவிடுங்கள்.

தமிழ்வழியில் படித்தேன். கல்லூரியில் ஆங்கிலம் எனக்கு ஒத்துவருமா?

கடைசி பெஞ்சில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோர் உங்களைப் போன்றவர்கள். உங்களுக்குப் பாடம் புரியாமல் இல்லை; பாடத்தின் பெயர் மாறிவிட்டது. சார்பு என்று படித்ததை ஃபங்ஷன் என்கிறார்கள், அணி என்று படித்ததை மேட்ரிக்ஸ் என்கிறார்கள். முதல் மாதத்தில் நோட்டின் கடைசிப் பக்கங்களில் இரண்டு பத்தி போட்டு, இடப்பக்கம் தமிழ்ச் சொல், வலப்பக்கம் ஆங்கிலச் சொல் என்று எழுதிக்கொண்டே வரச் சொல்வேன். கணிதத்தில் முந்நூறு சொற்களுக்குள் முதலாண்டு முடிந்துவிடும். அவ்வளவுதான் மலை.

கேள்வியைத் தமிழில் கேளுங்கள். உங்களைத் தடுக்கும் ஆசிரியர் இருந்தால் வேறு ஆசிரியரிடம் கேளுங்கள். பல அரசுக் கல்லூரிகளில் தமிழ்வழிப் பிரிவுகள் இருக்கின்றன. அண்ணா பல்கலைக்கழகமும் 2010-ல் சிவில், மெக்கானிக்கல் பிரிவுகளைத் தமிழில் தொடங்கியது. பள்ளி முதல் பதவிக்குரிய தகுதிவரை தமிழ்வழியில் படித்தவர்களுக்குத் தமிழ்நாடு அரசுப் பணிகளில் 20 சதவீத முன்னுரிமை உண்டு. ஆங்கிலம் கற்றுக்கொள்ளுங்கள், கட்டாயம் கற்றுக்கொள்ளுங்கள். ஆனால் அது வரவில்லை என்பதற்காக உங்களை மந்தம் என்று நீங்களே முடிவு கட்டிவிடாதீர்கள். அப்படி முடிவு கட்டிக்கொண்டு இரண்டாம் பருவத்தில் நின்றுபோன பிள்ளைகளை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் ஆறுவதில்லை.

முதல் பருவத்திலேயே மூன்று அரியர். படிப்பை விட்டுவிடலாமா?

வேண்டாம். முதல் பருவ அரியர் உங்கள் அறிவைப் பற்றிச் சொல்வது குறைவு. பள்ளியில் தினமும் தேர்வு, தினமும் திருத்தம். கல்லூரியில் யாரும் துரத்துவதில்லை. அந்தச் சுதந்திரம் பிடிபடும் முன்பே பருவத் தேர்வு வந்துவிடுகிறது.

முதல் வேலை, விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பிப்பது. அதற்கான கால அவகாசம் மிகக் குறைவு. முடிவு வந்த அன்றே தேதியைப் பாருங்கள். ஒரு மாணவன் 75-க்கு 21 வாங்கி, எல்லாக் கேள்விக்கும் பதில் எழுதினேன் என்று அழுதான். நகல் வந்தது. இருவரும் பக்கம் பக்கமாகப் பார்த்தோம். ஐந்து மதிப்பெண் கேள்விக்கு மூன்று பக்கம், பத்து மதிப்பெண் கேள்விக்கு அரைப் பக்கம். இரண்டு தேற்றங்களில் நிறுவல் சரி, தேற்றத்தின் கூற்றை எழுதவே இல்லை. ஒரு கணக்கில் கேள்வி எண்ணைத் தவறாகப் போட்டிருந்தான். அவனே சிவப்பு மையில் வட்டம் போட்டுக் காட்டினான். அடுத்த முறை அதே தாளில் 48. இடையில் அவன் புதிதாகப் படித்தது கொஞ்சம்தான். எழுதும் முறையைத்தான் மாற்றிக்கொண்டான்.

இரண்டாவது, வருகைப் பதிவு. பொதுவாக 75 சதவீதம் இல்லாவிட்டால் தேர்வு எழுதுவதே சிக்கலாகிவிடும். மூன்றாவது, அரியர்களை மூட்டை கட்டாதீர்கள். ஒவ்வொரு பருவத்திலும் குறைந்தது ஒன்றையாவது முடித்துவிடுங்கள். கடைசி ஆண்டில் எட்டுத் தாள்களோடு நிற்பவருக்கு வளாக நேர்காணலில் பெரும்பாலும் அனுமதி கிடைப்பதில்லை.

சேர்ந்த படிப்பு பிடிக்கவில்லை. மாற முடியுமா?

எப்போது பிடிக்காமல் போனது என்பதைப் பொறுத்தது. கலை அறிவியல் கல்லூரிகளில் சேர்க்கை முடியும் முன், இடம் காலியாக இருந்தால் துறை மாற்றித் தருவார்கள். அதற்குப் பிறகு கடினம். விட்டு விலகுவதானால், கட்டணத்தைத் திரும்பப் பெறுவதற்கான கடைசித் தேதியைப் பல்கலைக்கழக மானியக் குழு அறிவிக்கிறது. அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்பதும் அதன் விதி. இதைப் பணிவாக, எழுத்தில் கேளுங்கள்.

ஆனால் முடிவெடுக்கும் முன் ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். பிடிக்காதது பாடமா, விடுதியா, ஓர் ஆசிரியரா, ஊரை விட்டு வந்த ஏக்கமா? என்னிடம் துறை மாற்றம் கேட்டு வந்தவர்களில் பலருக்குப் பாடத்தின் மேல் ஒரு வருத்தமும் இல்லை என்பது அரை மணி நேரப் பேச்சிலேயே தெரிந்துவிடும்.

பாடம்தான் ஒத்துவரவில்லை என்றாலும் எல்லாம் முடிந்துவிடவில்லை. எந்தப் பட்டம் பெற்றவரும் மூன்றாண்டுச் சட்டப் படிப்புக்கும் எம்.பி.ஏ.வுக்கும் குடிமைப் பணித் தேர்வுக்கும் போகலாம். பள்ளியிலோ பட்டப்படிப்பிலோ கணிதம் படித்தவர்களுக்கு எம்.சி.ஏ. இருக்கிறது, இப்போது அது இரண்டே ஆண்டு. சென்னை ஐ.ஐ.டி. 2020-ல் தொடங்கிய இணையவழித் தரவு அறிவியல் படிப்பை வேறு பட்டம் படித்துக்கொண்டே படிக்கலாம். ஒரே நேரத்தில் இரண்டு பட்டம் படிக்க 2022-லிருந்து பொதுவான அனுமதியும் இருக்கிறது. ஜூன் மாதத்தில் ஒருமுறை தேர்ந்தெடுத்ததோடு வாழ்க்கை பூட்டப்பட்டுவிடுகிறது என்று நம் வீடுகளில் நம்புகிறார்கள். துணைப்பாடம், விருப்பப் பாடம், இறுதியாண்டுத் திட்டப்பணி, முதுகலை என்று அடுத்தடுத்து நான்கு முறையாவது மறுபடி தேர்ந்தெடுக்கிறோம். அந்த நான்கையும் கூட்டத்தோடு கையெழுத்துப் போட்டுக் கடந்துவிடுகிறோம்.

வீட்டில் வேறு படிப்பைச் சொல்கிறார்கள். எப்படிப் பேசுவது?

அப்பா அம்மாவின் பயத்தை முதலில் கேளுங்கள். "வரலாறு படித்தால் என்ன கிடைக்கும்?" என்று அவர்கள் கேட்பதற்குள் கடன் இருக்கிறது, தங்கையின் படிப்பு இருக்கிறது, பக்கத்து வீட்டில் வேலையில்லாமல் இருக்கும் பட்டதாரி இருக்கிறார். ஆசை என்ற ஒற்றைச் சொல்லால் அந்தப் பயம் தீராது. மூன்று ஆண்டு முடித்த பின் எந்தத் தேர்வு எழுதுவீர்கள், எந்த முதுகலைக்குப் போவீர்கள், இடையில் என்ன சம்பாதிக்க முடியும் என்று ஒரு பக்கத்தில் எழுதி அவர்கள் கையில் கொடுங்கள். பிள்ளை எழுதிக் கொடுத்த ஒரு தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்து, "இவன் சொல்வது நடக்குமா?" என்று கேட்ட அப்பாக்கள் உண்டு. கேட்க வந்தவர் பாதி சம்மதித்துவிட்டவர்.

மனம் மிகவும் சோர்ந்துவிட்டது. யாரிடம் சொல்வது?

இன்றைக்கே ஒருவரிடம் சொல்லுங்கள். அறைத் தோழர், அக்கா, வகுப்பு ஆசிரியர், யாராக இருந்தாலும் சரி. தூக்கமும் சாப்பாடும் கெட்டு, உயிர் வாழ்வதே சுமை என்று தோன்றினால் அது மருத்துவம் பார்க்க வேண்டிய வேதனை. டெலி மானஸ் என்ற இலவச மனநல உதவிக்கு 14416, தமிழ்நாடு அரசின் உதவிக்கு 104. எந்த நேரத்திலும், தமிழிலேயே பேசலாம். ஒரு தாளை நவம்பரில் எழுதாவிட்டால் ஏப்ரலில் எழுதலாம். நீங்கள் எங்களுக்கு வேண்டும்.

சேர்க்கை நாளன்று என்ன கொண்டுவர வேண்டும்?

பத்தாம், பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ்கள், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகம், புகைப்படங்கள். எல்லாவற்றிலும் மூன்று நகல். பெயரின் முன்னெழுத்து எல்லாச் சான்றிதழிலும் ஒன்றாக இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்த்துவிடுங்கள்.

பிள்ளையையும் அழைத்து வாருங்கள். விண்ணப்பத்தில் பாடப்பிரிவு என்ற கட்டம் வரும்போது, அதைப் பிள்ளையே தன் கையால் எழுதட்டும். பேனா மேசையில் இருக்கிறது.